கண்டாங் கெர்பாவும் கேளா ஒலியும்

ஃபேரர் பார்க் என்றவுடன் சிங்கப்பூர்த் தமிழர் பலருக்கு நினைவில் எழுவன திடலும் விளையாட்டுமே ஆகும். 1842-இல் இங்குக் குதிரைப் பந்தயத் திடல் ஒன்று வகுக்கப்பட்டது. 1933 வரையில் பந்தயங்கள் இங்கேயே நடைபெற்றன. 1911-இல் இத்தீவின் மக்கள் முதன்முதலாக வானூர்தி பறக்கக் கண்டதும் இத்திடலில்தான். இவற்றையெல்லாம் வரலாறு எழுதியோர் மறவாமல் குறித்துள்ளனர். ஆயின், அத்திடலிலிருந்து ரேஸ் கோர்ஸ் சாலை வழியே நடந்து புக்கிட் தீமா சாலையை அடைவோமானால், பந்தயத்தினும் வானூர்தியினும் நமக்கு நெருங்கிய வரலாறு ஒன்று அங்கே காத்திருக்கிறது. நம்முள் எண்ணற்றோர் முதல் மூச்சு வாங்கிய இடம் அது.

கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்த் தொடருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். கால்நடை வாணிகம் செழித்திருந்த நாளில் வந்த பெயர் அது. சீன மக்கள் அவ்வட்டாரத்தைத் ‘தேக்கா’ என்றனர். சிறு மூங்கிற்புதர்களின் அடி என்பது அதன் பொருள். தமிழரோ தொழுவத்தை மருத்துவமனைக்கும் மூங்கிலடியைச் சந்தைக்கும் பெயராக்கிக் கொண்டனர். எருமையும் போயிற்று, மூங்கிலும் போயிற்று, பெயர்கள் இரண்டும் நிலைத்துவிட்டன. 1858-ஆம் ஆண்டிலேயே இங்கு மருத்துவமனை தோன்றியதெனினும், 1924-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள், முப்பது படுக்கைகளுடன் இலவச மகப்பேற்று மருத்துவமனையாக அது திறக்கப்பட்ட நாளையே நாம் சிறப்பாகக் கொள்ளுதல் வேண்டும். அன்றுமுதல் அதன் பெயர் ஊர்ப்பெயராக மட்டும் நில்லாது, ஒரு தலைமுறையின் பிறப்பிடப் பெயராயிற்று.

1966-ஆம் ஆண்டில் அம்மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளின் தொகை நாற்பதினாயிரத்தை நெருங்கியது. ஒரே மகப்பேற்று இல்லத்தில் ஓராண்டில் இத்துணைக் குழந்தைகள் உலகில் வேறெங்கும் பிறந்ததில்லை எனக் கின்னஸ் நூல் அதனைப் பதிவு செய்தது. நாள்தோறும் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள்! கணக்கிட்டுப் பார்த்தால், இரவும் பகலும் ஓயாமல் ஏறத்தாழப் பதின்மூன்று நிமிடத்திற்கு ஒரு குழந்தை. இப்பெருமையைச் சொல்லும்போது நாம் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. பதின்மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு தாய் பேறு காணும் இடத்தில், எந்தத் தாய்க்கு இடர் வரும், எந்தத் தாய் இடரின்றி மீள்வாள் என்பதை முன்கூட்டி அறிந்தவர் யார்? எதைக் கொண்டு அறிந்தனர்? பேற்றின் இடர்களை முன்னறிவதற்கு ஒலி எவ்வாறு கருவியாயிற்று என்பதையும், முன்னறிதலுக்கும் உயிர் காத்தலுக்கும் இடையே எவ்வளவு தொலைவு உண்டு என்பதையும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பது நம் வழக்கு. அவ்வழக்கு வெறும் உயர்வு நவிற்சி அன்று. கேளா ஒலி வருவதற்கு முன்னர் மருத்துவரிடமும் தாதியரிடமும் இருந்த கருவிகள் மிகச் சில. முதற்கருவி கை. வயிற்றின் மேல் இரு கைகளையும் முறையாக வைத்து, தலை எங்கே, முதுகு எங்கே, கால்கள் எங்கே என்று தடவி அறியும் கலையை ஒவ்வொரு மருத்துவச்சியும் கற்றாக வேண்டும். இரண்டாவது செவி. பிரெஞ்சு மருத்துவர் பினார் வகுத்த, ஊதுகொம்பு போன்ற சிறு மரக்குழலை வயிற்றில் வைத்து மறுமுனையில் காதை ஒற்றிக் குழந்தையின் நெஞ்சொலியைக் கேட்பர். மூன்றாவது அளவுநாடா. நான்காவது, தாய் சொல்லும் நாட்கணக்கு. அக்கணக்கு பெரும்பாலும் அமாவாசை, திருவிழா, ஊரிலிருந்து வந்த கடிதம் என இவற்றை ஒட்டியே அமையும். இவற்றைக் கொண்டே ஆயிரமாயிரம் பேறுகளை இனிது நடத்தினர் என்பதை நினைக்குங்கால் அக்கைகளை வணங்கத் தோன்றுகிறது. இயந்திரத்தின் பெருமையைப் பாடவந்தோர் பலர் அக்கைகளை மறந்துவிடுகின்றனர், அது நன்றியன்று.

எனினும் கைக்கு எட்டாதவை சில உள. கருப்பையின் சுவரில் நஞ்சு எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைக் கை சொல்லாது. இயல்பாக அது மேற்பகுதியில் ஒட்டி வளரும். சிலருக்கு அது கீழிறங்கிக் கருப்பையின் வாயையே அடைத்துக் கிடக்கும். குழந்தை வெளிவர வேண்டிய வழியை அதற்கு உணவூட்டும் உறுப்பே மறித்துக் கொள்வதை என்னென்பது! பேறுகாலம் நெருங்க நெருங்க வாய் சிறிது சிறிதாக விரியும். விரியும்போது நஞ்சு பிரிந்து, வலி ஒன்றும் இல்லாமலே குருதி பெருகும். அந்நாளைய மருத்துவர் முன் இருந்த சிக்கல் யாதெனில், ஐயத்தைத் தீர்க்க விரலால் உள்ளே சோதிக்கவேண்டும். அவ்விரல் பட்டாலோ அடங்காத குருதிப்போக்கு உண்டாகித் தாய் மாண்டுபோகவும் கூடும். ஆகையால் ஐயத்திற்குரிய தாயை வாரக்கணக்கில் மருத்துவமனையிலேயே படுக்கவைத்திருந்து, குழந்தை முதிர்ந்த பின்னர், அறுவைக்கூடத்தில் கத்தியும் குருதிப் புட்டிகளும் ஆயத்தமாக இருக்கையில்தான் அச்சோதனையைச் செய்தனர். அறிவதற்காகவே உயிரைப் பணயம் வைத்த காலம் அது.

இத்தகைய தாய்மாரைக் காத்தது அறுவை மருத்துவத்தின் வளர்ச்சி. கண்டாங் கெர்பாவில் அவ்வளர்ச்சியோடு பிணைந்த பெயர் பெஞ்சமின் ஷியர்ஸ் என்பதாகும். 1971 முதல் 1981 வரை நாட்டின் அதிபராக விளங்கியவர் என்றே இன்றைய மாணவர் அவரை அறிவர். அதற்கு நெடுநாள் முன்னரே அவர் மகப்பேற்று மருத்துவத்தில் புகழ் பெற்றவர். கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காக வெட்டும் பழைய முறையை விடுத்து, கீழ்ப்பகுதியைக் குறுக்காக வெட்டும் முறையை இங்கு நிலைபெறச் செய்தவர் அவரே. அம்முறையில் குருதிச் சேதம் குறைவு. அடுத்த பேற்றில் தழும்பு பிளக்கும் அச்சமும் குறைவு. காக்கும் வழி இவ்வாறு முன்னரே இருந்தது. யாரைக் காக்க வேண்டும் என்று காட்டும் கண்தான் பின்னர் வந்தது.

அக்கண் ஒலியால் ஆனது. நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை மனிதச் செவி உணராது. ஆதலின் அதனைக் கேளா ஒலி என்றும் மீயொலி என்றும் தமிழில் வழங்குகின்றனர். கேளா ஒலி என்பது செவியின் இயலாமையைச் சொல்கிறது. மீயொலி என்பது ஒலியின் மேன்மையைச் சொல்கிறது. என் உள்ளத்திற்கு இசைந்தது முன்னதே. தமிழாசிரியர்கள் வேறு கருதினும் கருதலாம். பேற்று மருத்துவத்தில் பயன்படும் ஒலி நொடிக்கு இருபது இலட்சம் முதல் எழுபது இலட்சம் வரை அதிர்வது. உடலின் மென்திசுக்களில் அது நொடிக்கு 1,540 மீட்டர் விரைவில் செல்லும். ஒரு திசு முடிந்து மற்றொரு திசு தொடங்கும் எல்லையில் அதன் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்பும். பத்து சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து திரும்பும் எதிரொலி, ஒரு நொடியைப் பத்தாயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூற்றிற்குச் சற்று மிகுதியான நேரத்தில் வந்து சேரும். அந்நேரத்தை அளந்து ஆழத்தைக் கணித்து, புள்ளி புள்ளியாக உருவம் வரைவதே இதன் அடிப்படை.

இதனை மகப்பேற்று மருத்துவத்திற்குக் கொணர்ந்தவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் இயன் டொனால்ட். இரண்டாம் உலகப்போரில் வான்படையில் பணியாற்றி, எதிரொலியால் மறைபொருளைக் கண்டறியும் நுட்பங்களோடு பழகியவர். கப்பல்களும் கொதிகலன்களும் கட்டும் ஊர் கிளாஸ்கோ. உலோகத்தினுள் மறைந்துள்ள வெடிப்பைக் கேளா ஒலியால் ஆராயும் கருவி அங்குள்ள ஆலைகளில் இருந்தது. 1955-ஆம் ஆண்டில் டொனால்ட், அறுவையில் அகற்றிய கட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அத்தகைய ஆலை ஒன்றிற்குச் சென்றார். ஒப்புநோக்குவதற்கு மாட்டிறைச்சித் துண்டமும் அங்கே வைக்கப்பட்டிருந்தது. நீர்க்கட்டி ஒருவகையாகவும் தசைக்கட்டி வேறுவகையாகவும் எதிரொலித்ததைக் கண்டு அவர் கொண்ட உவகைக்கு அளவில்லை. பின்னர் டாம் பிரௌன் என்னும் இளம் பொறியாளரும் ஜான் மெக்விக்கர் என்னும் மருத்துவரும் துணைநின்றனர். மூவரும் சேர்ந்து 1958-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ‘லான்செட்’ இதழில் தம் ஆய்வை வெளியிட்டனர். தீராத வயிற்றுப் புற்றுநோய் எனக் கைவிடப்பட்ட ஒரு பெண்மணிக்கு இருந்தது சினைப்பையின் பெரிய நீர்க்கட்டியே என்று அக்கருவி காட்ட, அறுவை செய்து அவர் நலம் பெற்ற செய்தி புகழ்பெற்றது. முதலில் தேடியது கட்டியை. கருவைக் கண்டது அதன் வழியே வந்த பேறு.

காலமும் இதற்கு இசைவாக அமைந்தது. கருவுற்ற தாயின் வயிற்றை எக்ஸ் கதிரால் படமெடுப்பது அந்நாளில் வழக்கமாக இருந்தது. அவ்வாறு படமெடுத்த தாய்மாரின் பிள்ளைகளிடையே புற்றுநோய் மிகுதி என ஆலிஸ் ஸ்டூவர்ட் 1956-லும் 1958-லும் எடுத்துக்காட்டினார். மருத்துவ உலகம் அதனை உடனே ஏற்கவில்லை. ஏற்றபோது மாற்று வழி ஒன்று கையில் இருந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கிளாஸ்கோ மாணவர்கள் அதனைச் செம்மை செய்தனர். ஸ்டூவர்ட் கேம்பல் கருவின் தலையை அளந்தார். ஹியூ ராபின்சன் 1973-இல், தொடக்க வாரங்களில் தலையுச்சி முதல் பிட்டம் வரை அளந்து, கருவின் அகவையைச் சில நாள் பிழைக்குள் சொல்லலாம் எனக் காட்டினார். இது சிறிய செய்தி போலத் தோன்றும். ஆயின் அகவை தெரியாமல், ஒரு குழந்தை சிறிதாக இருக்கிறதா, அன்றி இளையதாக இருக்கிறதா என்று எவ்வாறு பிரித்தறிவது? நாட்கணக்குத் தெளிந்த பின்னரே ஏனைய முன்னறிதல்கள் அனைத்தும் பொருள் பெற்றன. (சோதனைக்கு முன் நிறையத் தண்ணீர் அருந்துமாறு தாய்மாரிடம் சொல்லப்பட்டதும் டொனால்ட் கண்ட உத்தியே. நிறைந்த நீர்ப்பை குடலை ஒதுக்கி, ஒலிக்குச் சாளரமாக அமையும்.)

இனி நஞ்சின் கதைக்கு மீள்வோம். 1960-களின் பிற்பகுதியில் நஞ்சின் இருப்பிடத்தை ஒலியால் காண்பது கைகூடியது. அறுவைக்கூடத்து அச்சச் சோதனை மெல்ல மறைந்தது. விரல் தீண்டாமல், குருதி சிந்தாமல், ஒரு தாய்க்கு இயற்கை வழி அடைபட்டுள்ளது என்பதை வாரங்களுக்கு முன்பே அறிந்து, நாள் குறித்து அறுவை செய்ய இயன்றது. கேளா ஒலியின் நன்மைகளுள் ஒன்றை மட்டும் சொல்க எனின், நான் இதனையே சொல்வேன். ஆயினும் இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஐந்தாம் மாதச் சோதனையில் நஞ்சு கீழே இருப்பதாகக் காணப்படும் தாய்மாரில் மிகப் பெரும்பாலோர்க்கு, கருப்பை வளர வளர அது மேலேறிவிடும். அதனை அறியாது அவ்விளம் மாதத்திலேயே இடர் உறுதி என்று சொல்லிவிட்டால், குடும்பமே பல மாதம் அஞ்சிக் கிடக்க வேண்டியதுதான். ஆகவே எட்டாம் மாத அளவில் மீண்டும் பார்க்கின்றனர். மற்றொன்று: அறுவைப் பேறுகள் பெருகியதன் விளைவாக, பழைய தழும்பின் மேல் நஞ்சு வேரூன்றிப் பிரியாமல் நிற்கும் கொடிய நிலை இந்நாளில் மிகுந்து வருகிறது. ஒரு தலைமுறையைக் காத்த கத்தி அடுத்த பேற்றுக்கு இடர் விதைக்கிறது. அதனையும் முன்னறிந்து, குருதியும் வல்லுநரும் உள்ள மருத்துவமனைக்குத் தாயை அனுப்ப வழிசெய்வது அதே ஒலிதான்.

உருவத்தைக் காட்டிய ஒலி, அடுத்து ஓட்டத்தையும் காட்டிற்று. நெருங்கி வரும் ஒலி உயர்ந்தும் விலகிச் செல்லும் ஒலி தாழ்ந்தும் கேட்பதன் காரணத்திற்குப் பெயர் தந்தவர் கிறிஸ்டியன் டாப்ளர். அவர் தம் கருத்தைப் பிராகு நகரில் வெளியிட்டது 1842-இல். ஃபேரர் பார்க்கில் பந்தயத் திடல் வகுத்த அதே ஆண்டு. பாய்ந்துவரும் குதிரையின் குளம்பொலிக்கும் நாளத்தில் பாயும் குருதிக்கும் விதி ஒன்றே. 1977-இல் டப்ளின் மருத்துவர்கள் இவ்விதியைக் கொண்டு தொப்புள்கொடியில் குருதி ஓடும் விரைவைக் கண்டனர். நலமான நஞ்சில் நெஞ்சத் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைப்பட்ட நேரத்திலும் குருதி முன்னோக்கிச் சென்றுகொண்டே இருக்கும். நஞ்சின் நுண்ணாளங்கள் சிதைந்தால் தடை மிகும், இடைநேர ஓட்டம் குன்றும், பின் நிற்கும், இறுதியில் பின்னோக்கியும் திரும்பும். நோயுள்ள கருக்களில் இச்சோதனையைக் கையாண்டால், பேற்றை ஒட்டிய குழந்தை இறப்புகள் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைகின்றன எனப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டுள்ளனர். எல்லாத் தாய்மாருக்கும் செய்தால் அந்நன்மை புலப்படவில்லை. இவ்வேறுபாட்டை நினைவில் இருத்துக, பின்னர் வேண்டப்படும்.

இத்துறையில் சிங்கப்பூரின் பங்கு எத்தகையது? இங்குத் தமிழர் பெயர்கள் வந்து நிற்பதைக் காண்கிறோம். இலங்கையில் பிறந்த எஸ். எஸ். இரத்தினம் 1970 முதல் கால் நூற்றாண்டுக் காலம் பல்கலைக்கழக மகப்பேற்றுத் துறைக்குத் தலைமை பூண்டிருந்தார். ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983-இல் கண்டாங் கெர்பாவில் பிறந்தது அவர் தலைமையில்தான். அவரோடு பணியாற்றிய இலங்கைத் தமிழர் மற்றொருவர் சபாரத்தினம் அருள்குமரன். பின்னாளில் இலண்டன் சென்று, அந்நாட்டு அரச மகப்பேற்று மருத்துவர் கல்லூரியின் தலைவராகவும் உலகக் கூட்டமைப்பின் தலைவராகவும் உயர்ந்தவர். சுவீடன் நாட்டு இங்கமார்சனும் அருள்குமரனும் இரத்தினமும் பிறரும் சேர்ந்து 1986-இல் வெளியிட்ட சிங்கப்பூர் ஆய்வு ஒன்று நம் பொருளுக்கு மிக நெருங்கியது.

அவ்வாய்வின் கருத்து எளியது. பேற்றுவலி கண்டு தாய் மருத்துவமனைக்குள் வந்தவுடனேயே, டாப்ளர் ஒலியைக் கொண்டு குழந்தையின் நெஞ்சத் துடிப்பைச் சிறிது நேரம் தாளில் பதிவு செய்வது. நிமிடத்திற்கு 110 முதல் 160 வரை துடிக்கும் அச்சிறு நெஞ்சு, அசைவுக்கும் வலிக்கும் ஏற்ப ஏறி இறங்குகிறதா, அன்றி உயிர்ப்பின்றிக் கோடுபோல் கிடக்கிறதா என்று நோக்குவது. இடர் எதுவும் எதிர்பார்க்கப்படாத 1,041 தாய்மாரிடம் இதனைச் செய்தனர். நல்ல பதிவு கிடைத்தோர் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல். அவர்களுள் நூற்றுக்கு ஒருவர் அளவினரின் குழந்தைக்கே பின்னர்த் துன்பம் நேர்ந்தது. தீய பதிவு கிடைத்தோர் பத்துப் பேர் மட்டுமே. அவர்களுள் நால்வரின் குழந்தைகள் துன்புற்றன. கூட்டம் நெரியும் மருத்துவமனைக்கு இது எத்துணைப் பயனுள்ள கருத்து என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பதின்மூன்று நிமிடத்திற்கு ஒரு பேறு கண்ட ஊரில், தாதி முதலில் யார் அருகே நிற்கவேண்டும் என்பதை ஒரு தாள் சொல்லிவிடும் அன்றோ? உலகெங்கும் பேற்று அறைகளில் அம்முறை பரவியது.

ஆயின் கதை அங்கு முடியவில்லை. முன்னறிகிறது என்பது ஒன்று; முன்னறிந்ததால் குழந்தை பிழைத்தது என்பது மற்றொன்று. பின்னதை நிறுவ வேண்டுமானால், சோதனை செய்த தாய்மாரையும் செய்யாத தாய்மாரையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடுதல் வேண்டும். 2003-ஆம் ஆண்டு வெளியான டப்ளின் ஆய்வில் எண்ணாயிரத்திற்கும் மேற்பட்ட தாய்மார் அவ்வாறு பிரிக்கப்பட்டனர். குழந்தைகளின் நலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. இதுபோன்ற ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இடர் குறைந்த தாய்மாருக்கு அச்சோதனையால் அறுவைப்பேறு சற்று மிகக்கூடும் என்பதே தெரியவந்தது. செவியால் முறையாகக் கேட்கும் தாதி ஒருவர் அருகே இருந்தால், தாள் கூடுதலாகச் சொல்வது அதிகம் இல்லை போலும்! இதற்குப் பத்தாண்டு முன்னர், 1993-இல், அமெரிக்காவில் பதினையாயிரத்திற்கும் மேற்பட்ட தாய்மாரிடம் நடந்த பேராய்வும், எல்லார்க்கும் வழக்கமாக ஒலிப்படம் எடுப்பதால் மட்டும் குழந்தை இறப்புக் குறையவில்லை என்றே கண்டது. சிங்கப்பூர் ஆய்வின் பெருமை இதனால் குன்றுவதாக நான் கருதவில்லை. சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு தெளிவான வினாவை உலகின் முன் வைத்தது அது. நம்மவர் செய்தது என்பதற்காக விடையை மறைப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் இழுக்காகும்.

முன்னறிதல் உயிர் காப்பதாக மாறிய இடங்களும் உள. நம் பாட்டிமார் ஜன்னி என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கிய பல நோய்களுள், கருவுற்ற காலத்தில் குருதி அழுத்தம் மிகுந்து வலிப்பில் முடியும் நோயும் ஒன்று. கருப்பைக்குக் குருதி கொணரும் நாளங்களில் தடை மிகுந்திருப்பதை மூன்றாம் மாத அளவிலேயே டாப்ளர் ஒலி காட்டக்கூடும். அதனைத் தாயின் குருதி அழுத்தத்தோடும் குருதிச் சோதனையோடும் சேர்த்துக் கணித்து, இடர் மிகுந்தோர்க்கு நாள்தோறும் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தனர். 2017-இல் வெளியான முடிவின்படி, குறைமாதத்தில் அந்நோய் கண்டோர் நூற்றுக்கு 4.3 என்னும் அளவிலிருந்து 1.6 ஆகக் குறைந்தனர். சில காசு விலையுள்ள மாத்திரை! கருப்பையின் கழுத்து பதினைந்து மில்லிமீட்டருக்கு மேற்படாமல் குறுகியிருப்பதை இடைமாதங்களில் அளந்தறிந்து புரோஜெஸ்டிரோன் கொடுத்த 2007-ஆம் ஆண்டு ஆய்விலும், முப்பத்துநான்காம் வாரத்திற்கு முன் நேரும் பேறுகள் நூற்றுக்கு முப்பத்துநான்கிலிருந்து பத்தொன்பதாகக் குறைந்தன. இவ்விரண்டிலும் ஒலி தனித்து நிற்கவில்லை. கண்ட பின் செய்வதற்கு ஒன்று இருந்தது.

1997-இல் கண்டாங் கெர்பாவ் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் எழுந்த புதிய கட்டடத்திற்குப் பெயர்ந்து, கேகே மகளிர், சிறார் மருத்துவமனை ஆயிற்று. பழைய கட்டடம் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகமாயிற்று. அப்புதிய மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 2009-இல் தொடங்கிய ‘கஸ்டோ’ ஆய்வில், சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவினத்துத் தாய்மார் ஆயிரத்து இருநூற்றுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். கருவிலிருந்தே குழந்தைகளை ஒலிப்படத்தால் அளந்து, பிறந்தபின்னும் பல்லாண்டு தொடர்ந்து நோக்கும் ஆய்வு அது. இந்தியக் குழந்தைகள் எடையில் சிறியனவாயினும், வயிற்றுத் தோலின் அடியில் கொழுப்பு மிகுந்து பிறத்தலை அதில் கண்டனர். இஃது ஒரு பெரிய வினாவை எழுப்புகிறது. கிளாஸ்கோவில் வகுத்த அளவுகோலால் தேக்காவின் குழந்தையை அளக்கலாமா? நலமாக வாழும் தாய்மாரின் கருக்கள் எந்நாட்டிலும் ஒன்றுபோலவே வளரும் என்று 2014-இல் எட்டு நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று கூறிற்று. நம் நாகபுரியும் அவற்றுள் அடங்கும். நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு என்று 2017-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு கூறிற்று. அதிலும் இந்தியத் தாய்மார் இருந்தனர். இயல்பாகவே சிறுத்த குழந்தையை நோயுற்றதென எண்ணி அறுவை செய்வதும் தவறு; நோயால் சிறுத்ததை இனத்தின் இயல்பெனக் கைவிடுவதும் தவறு. இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

இக்கருவியின் வரலாற்றை எழுதும் தமிழர் ஒரு செய்தியை விழுங்கிவிட்டுப் போதல் இயலாது. இடரை முன்னறிய வந்த ஒலி, இந்தியாவில் பெண்மகவையே இடர் எனக் காட்டப் பயன்பட்டது. 1991-ஆம் ஆண்டுக் கணக்கில் ஆறு அகவைக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரவர்க்குப் பெண் குழந்தைகள் 945 பேர் இருந்தனர். 2001-இல் 927 ஆயினர். அதே ஆண்டில் தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் அவ்வெண் 851. உசிலம்பட்டியின் பெண் சிசுக்கொலைச் செய்திகள் 1980-களில் வெளிவந்தபோது நாம் தலை குனிந்தோம். கள்ளிப்பாலின் இடத்தைக் கருவி பிடித்துக்கொண்டபோது தலைகுனிந்தோர் குறைவு. கருவின் பாலை அறிவிப்பதைத் தடைசெய்து 1994-இல் இந்திய அரசு சட்டம் இயற்றியது. 2003-இல் அதனை மேலும் இறுக்கியது. ஒலிக்கருவி ஒவ்வொன்றும் பதிவுசெய்யப்படல் வேண்டும் என்னும் விதியும் உண்டு. துப்பாக்கிக்கு உரிமம் கேட்பதுபோல் மருத்துவக் கருவிக்கும் கேட்க நேர்ந்த நிலை, கருவியைப் பற்றியது அன்று.

கேளா ஒலி இன்றும் சொல்லவியலாதவை பல. குழந்தையின் எடையை அது கணித்துச் சொல்வது பத்தில் ஒரு பங்குக்கு மேலும் பிழைபடலாம். தோள் சிக்கிக்கொள்ளுமா என்பதை அது அறியாது. தொப்புள்கொடி எந்நேரத்தில் நழுவும் என்பதையும் அறியாது. உலகில் தாய்மாரின் சாவுக்குத் தலையாய காரணமாக உள்ள, பேற்றுக்குப் பின் பெருகும் குருதிப்போக்கோ, இடர் எதுவும் இல்லை எனச் சொல்லப்பட்ட தாய்மாரிடமும் தோன்றுகிறது. 2023-இல் ஆப்பிரிக்க நாடுகள் நான்கில், எண்பது மருத்துவமனைகளில், இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட தாய்மாரிடையே நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. அங்கே யாரும் எதனையும் முன்னறிய முயலவில்லை. பேறு கண்ட ஒவ்வொரு தாயின் கீழும் அளவுக்கோடுகள் இட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை இட்டு, குருதி குறித்த கோட்டைத் தொட்டவுடன் கருப்பையைத் தடவிவிடுதல், மருந்து, ஊசிநீர் முதலிய அனைத்தையும் ஒருசேரத் தொடங்குமாறு தாதியரைப் பயிற்றினர். கடும் குருதிப்போக்கு, அதனால் நேரும் வயிற்று அறுவை, மரணம் ஆகியவை அவ்வாறு செய்த இடங்களில் நூற்றுக்கு 1.6, பழைய முறையே நடந்த இடங்களில் 4.3. ஆஸ்பிரின் ஆய்வில் கண்ட அதே இரண்டு எண்கள். ஒன்றில் மூன்றாம் மாதத்திலேயே நாளத்தின் ஒலியைக் கேட்டனர். மற்றொன்றில் பேறு முடிந்த அந்த ஒரு மணி நேரம் ஒருவர் அருகிலிருந்து விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.